கொடுக்கலாம், வாங்கக் கூடாது

இந்த வருடம் மனைவியிடம் தோற்பதில்லை என்று எவேலியோ டிசம்பர் பதினாறாம் தேதி காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சபதம் செய்ய முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலையை மட்டும் பலமாக ஆட்டினார். நுரை சட்டையில் விழுந்தது.

"துண்டு வேணுமா?" என்று வெளியிலிருந்து நோயெமியின் குரல் கேட்டது. துண்டோடு ஒரு கை கதவு வழியே உள்ளே நீண்டது.

எவேலியோ கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலையே?"

"சாயங்கால ஜெபத்துக்கு அப்புறம்தான். சும்மா பார்த்தேன், இந்த வருஷம் எப்படி இருக்கீங்கன்னு."

சோன்சோன் மலை ஊர். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் மாலையில் ஜெபம் உண்டு, பாட்டு உண்டு. பகலெல்லாம் பந்தயம். பந்தயத்துக்கு அகினால்தோ என்று பெயர். பேசினால் பதில் சொல்லக் கூடாது என்று சில வீடுகளில் ஆடுவார்கள். வாயில் எந்நேரமும் ஒரு துரும்பு வைத்திருக்க வேண்டும் என்று சில வீடுகளில். எவேலியோ வீட்டில் என்றைக்கும் ஒரே ஆட்டம்தான். கொடுக்கலாம், வாங்கக் கூடாது. எதிராளி நீட்டுகிற எதையாவது மறந்துபோய்க் கையில் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. நீட்டியவர் "என் அகினால்தோ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

கல்யாணமான முதல் வருடம் சோப்பு. தலையெல்லாம் நுரையோடு குளியலறையிலிருந்து அவரே கேட்டு வாங்கினார். அடுத்த வருடம் உப்பு. அதற்கடுத்த வருடம் நோயெமி நீட்டியது அவர்களுடைய கைக்குழந்தையை. பெற்ற பிள்ளையை வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாங்கினார். "என் அகினால்தோ!" குழந்தை வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தை இப்போது கல்யாணமாகி மெதெயின் நகரத்தில் இருக்கிறது. எவேலியோ இன்னும் ஒரு முறைகூட ஜெயித்த பாடில்லை.

இத்தனை வருடமாகப் பந்தயம் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு வருடம் மீசை போனது. ஒரு வருடம் தவக்காலம் முழுக்கப் பாத்திரம் தேய்த்தார். இந்த வருடம் அப்படியில்லை. இந்த வருடம் பந்தயம் முன்னறை.

முன்னறை தெருவைப் பார்த்த அறை. மகள் இருந்தவரை அவளுடையது. இப்போது காலி. எவேலியோ கடைத்தெருவில் ஆணி, திருகாணி, பூட்டு, குழாய் விற்பவர். மூடப்போன ஒரு மதுக்கடையிலிருந்து பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றை வாங்கித் தன் கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அது முன்னறைக்கு. நண்பர்களிடம் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேர் சொந்தமாக ஆட்டக்கோல்கூட வாங்கிவிட்டார்கள்.

நோயெமிக்கோ அங்கே தையல் கடை வைக்க வேண்டும். அவளுடைய தையல் இயந்திரம் சமையலறையில், அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. போன மாதம் அவள் தைத்த கல்யாணக் கவுன் ஒன்று வறுத்த பன்றிக்கறி வாசனையோடு தேவாலயத்துக்குப் போனது. மணப்பெண்ணுக்குப் பின்னால் இரண்டு நாய்கள் பீடம் வரைக்கும் வந்தன. அன்றிலிருந்து புதிதாக யாரும் துணி கொண்டு வரவில்லை. முன்னறை கிடைத்தால் தையல் உண்டு. கிடைக்காவிட்டால் இயந்திரத்தை விற்றுவிடுவதாக இருந்தாள்.

அன்று மாலை ஜெபம் முடிந்ததும் எதிர்வீட்டு தோன்யா ரூபியேலா முன்னிலையில் பந்தயம் பேசப்பட்டது. அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை தோன்யா என்றும் ஆண்களை தோன் என்றும் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள்தான் வருடா வருடம் நடுவர். விதவை. நேர்மையானவர். அவரை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்று தெருவில் பெயர். யாரும் முயற்சி செய்து பார்த்ததில்லை.

"புதுசா ஒரு விதி வேணும்," என்றார் எவேலியோ.

"என்ன விதி?" என்றார் தோன்யா ரூபியேலா.

"நேராக் கையால கொடுத்தாத்தான் கணக்குன்னு இல்ல. வேற யார்கிட்டயாவது கொடுத்தனுப்பினாலும், அனுப்பினவங்க கொடுத்த மாதிரிதான். ஒருத்தர் கை இன்னொருத்தர் கை மாதிரி."

"இது எதுக்குங்க திடீர்னு?" என்று கேட்டாள் நோயெமி. மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்குக்காக. ஆட்டம்னா ஒரு ஒழுங்கு வேணாமா? நாளைக்கே நீங்க யாரையாவது விட்டு எதையாவது நீட்டச் சொல்லிட்டு, அது ஜெயிப்பா இல்லையான்னு தகராறு வரக் கூடாதில்ல?"

"நான் ஏங்க ஆளை விட்டு நீட்டப் போறேன்? எனக்குக் கை இல்லையா?"

"அப்ப சம்மதமா, இல்லையா?"

நோயெமி ஒரு பட்டாணியை விரலால் நெம்பிக் கிண்ணத்தில் போட்டாள்.

"சரி," என்றாள்.

அந்தச் "சரி" அவ்வளவு சீக்கிரம் வந்தது பற்றி எவேலியோ கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவர் அப்போது பில்லியர்ட்ஸ் மேசைக்குச் சுவரிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாமே மேசை வழியாகத்தான் நடந்தது. காப்பி மேசையில் வந்தது. காலிக் கோப்பை மேசைக்குத் திரும்பியது. எவேலியோ மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டுவார். நோயெமி கையை மடித்துக்கொண்டு நிற்பாள்.

"மேசையில வைங்க."

"பை கனமா இருக்கு."

"அதான் சொல்றேன், மேசையில வைங்க."

தேவாலயத்தில் அவர் தும்மினார். பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டை நீண்டது. எவேலியோ அதைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

கை தன்னை அறியாமல் நீண்டுவிடுமோ என்று எவேலியோவுக்குப் பயம். வீட்டுப் படியேறியதும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று போய்வந்ததில் வலது கைப்பட்டியின் பொத்தான் உரசி உரசி ஒற்றை நூலில் தொங்க ஆரம்பித்தது. பழுப்பு நிற எலும்புப் பொத்தான்.

"பொத்தான் தொங்குதே," என்றாள் நோயெமி. "சட்டையைக் கழட்டிக் கொடுங்க, தைச்சுத் தர்றேன்."

"கொடுக்குறேன். கையில வாங்கிப்பீங்களா?"

"நாற்காலியில போடுங்க."

"சரி, போடுறேன். தைச்ச பிறகு எனக்கு எப்படி வரும்?"

"நாற்காலியில போட்டுவைக்கிறேன். நீங்க எடுத்துக்குங்க."

எவேலியோ நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது உங்க அம்மா கொடுத்த நாற்காலி."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒருத்தர் கை இன்னொருத்தர் கை மாதிரின்னு விதி இருக்கு. உங்க அம்மா நாற்காலி உங்க கை மாதிரின்னு நாளைக்கு நீங்க சொல்லமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நோயெமி நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள்.

"அப்ப விடுங்க. முன்னறை என் கைக்கு வந்ததும் முதல் வேலையா அந்தப் பொத்தானைத்தான் தைப்பேன்."

"முன்னறை உங்களுக்கு வராது."

"அப்ப பொத்தானும் வராது."

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒருவரையொருவர் "நீங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டையிலும் மரியாதை குறையாது. அதனால் சண்டை சீக்கிரம் முடியவும் செய்யாது.

நான்கைந்து நாள் கழித்து எவேலியோ ஒரு புதுப் பூட்டோடு எதிர்வீட்டுக்குப் போனார்.

"தோன்யா, உங்க வாசல் பூட்டு திறக்க ரொம்பக் கஷ்டப்படுறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"எதிர்வீட்ல இருக்கேன். தினமும் நீங்க அதைத் திட்டுறது கேக்குது."

தோன்யா ரூபியேலா பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பூட்டு. என்ன வேணும், தோன் எவேலியோ?"

எவேலியோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை தெருவில் எல்லா வீட்டிலும் நத்தீயா கிண்டுவார்கள். பாலும் வெல்லமும் பட்டையும் கிராம்பும் சோளமாவும் சேர்த்துக் கிண்டி, தட்டில் ஊற்றி, உறைந்ததும் துண்டு போடுவார்கள். வீட்டுக்கு வீடு தட்டு போகும். தட்டு வரும். பண்டிகைத் தட்டை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது.

"பாலு, வெல்லம், பட்டை எல்லாம் நான் வாங்கித் தர்றேன். அதுல நீங்க ஒரு தட்டு நத்தீயா பண்ணி, அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டம்மா கையில கொடுக்கணும். அவ்வளவுதான். சாமான் என்னோடது. அப்ப நான் கொடுத்தனுப்பின மாதிரிதானே?"

"உங்க விதிப்படி ரொம்பச் சரி."

"நடுவர் கையிலிருந்து வர்ற தட்டை யாராவது சந்தேகப்படுவாங்களா?"

"பட மாட்டாங்க."

"அப்ப கொடுப்பீங்களா?"

"பண்டிகைத் தட்டு எல்லா வீட்டுக்கும்தானே கொடுக்குறேன். உங்க வீட்டை எதுக்கு விடணும்? நீட்டுவேன். வாங்குறதும் வாங்காததும் அவங்க பாடு," என்றார் தோன்யா ரூபியேலா. பூட்டை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

இருபத்துநான்காம் தேதி வந்தது. மலையிலிருந்து பனி இறங்கித் தெருவை மூடியிருந்தது. நோயெமி செம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பால் காய்ந்து வெல்லம் கரைந்தது. பட்டை, கிராம்பு வாசனை கூரை வரைக்கும் போனது. அவற்றை வடித்தெடுத்துவிட்டு, குளிர்ந்த பாலில் கரைத்த சோளமாவை ஊற்றினாள். இனிமேல் துடுப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி தட்டும், அடிபிடிக்கும். நத்தீயா கெட்டுப்போன வீடு என்று அடுத்த பண்டிகை வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

எவேலியோ சமையலறை வாசலில் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்று அவர் காது அங்கேயே இருந்தது.

"ஏங்க, தோள் விட்டுப்போச்சு," என்றாள் நோயெமி. "கொஞ்சம் கிண்டுறீங்களா?"

எவேலியோ சிரித்துக்கொண்டார். இதற்குத்தான் காத்திருந்தார்.

"கிண்டுறேன். துடுப்பை என் கையில கொடுக்கலாம்னு பார்க்காதீங்க. சட்டியிலயே விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க."

"நின்னுட்டேன்."

"இன்னும் தள்ளி."

நோயெமி துடுப்பைச் சட்டியில் விட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரரைக் கண்டவள் மாதிரி சுவரோடு ஒட்டி நின்றாள். எவேலியோ பாய்ந்து வந்து துடுப்பைச் சட்டியிலிருந்தே பிடித்துக்கொண்டார். யார் கையிலிருந்தும் வாங்கவில்லை. எத்தனை வருட அனுபவம்! இந்தப் பொறியில் விழுவாரா?

அரை நிமிடம் கிண்டிய பிறகுதான் தன்னால் இந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பது அவருக்கு உறைத்தது.

"வேர்க்குதே. துண்டு தரட்டுமா?"

"வேணாம்."

"கறுப்புக் காப்பி? சூடா இருக்கு."

"வேணாம்."

"சோம்புச் சாராயம் ஒரு மடக்கு? பண்டிகை நாள்."

எவேலியோவுக்குத் தொண்டையில் எச்சில் இறங்கியது.

"மேசையில வைங்க," என்றார்.

"வச்சா எப்படிக் குடிப்பீங்க? ரெண்டு கையும் துடுப்பில இருக்கே."

"பார்த்துக்கிட்டே இருப்பேன்."

சட்டியில் இருந்தது கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. துடுப்பை இழுத்தால் மரவேரைப் பிடுங்குவது போல் இருந்தது. எவேலியோ முழங்கையை மடக்கி ஒரு இழுப்பு இழுத்தார். கைப்பட்டி சட்டியின் விளிம்பில் மாட்டியது. ஒற்றை நூல் அறுந்தது. பொத்தான் துள்ளியது. துள்ளிய வேகத்தில் நேராக நத்தீயாவுக்குள் இறங்கியது.

பொத்தான் பழுப்பு நிறம். நத்தீயாவும் பழுப்பு நிறம். ஒரு பெரிய குமிழி வந்து அதன் மேல் வெடித்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

எவேலியோ திரும்பிப் பார்த்தார். நோயெமி முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். துடுப்பால் இந்தப் பக்கம் துழாவினார். அந்தப் பக்கம் துழாவினார். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் என்ன ஆகும்? ஒரு சட்டி நத்தீயா வீண். ஆணிக்கடை எவேலியோ பண்டிகை நத்தீயாவில் பொத்தான் போட்டார் என்று தெருவே சிரிக்கும். பொத்தான் சின்னது. சட்டி பெரியது. யாருக்குப் போய்ச் சேருமோ, அது அவர்கள் பாடு.

"என்ன, வேகம் கூடிப்போச்சு?" என்று முதுகைத் திருப்பாமலே நோயெமி கேட்டாள்.

"கட்டி தட்டக் கூடாதில்ல."

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. எவேலியோவின் நெஞ்சும் அதே நேரத்தில் தட்டிக்கொண்டது. நோயெமி எழுந்து போனாள். அவரால் போக முடியவில்லை. காதை மட்டும் அனுப்பி வைத்தார்.

"வாங்க தோன்யா! அடடா, எங்களுக்கா? என்ன வாசனை!"

"ஆமாம்மா, பிடிங்க. உங்களுக்குன்னே பண்ணினது."

எவேலியோ வாசல் பக்கம் கழுத்தை நீட்டினார். "என் அகினால்தோ" என்பதில் பாதி ஏற்கெனவே வாய்க்குள் தயாராக இருந்தது.

"ஐயோ, கையெல்லாம் வெண்ணெய், தோன்யா! உங்க தட்டு வழுக்கி விழுந்துடப் போகுது. ஜன்னல் மேடையில வச்சிடுங்க, கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்னம்மா கோவம்?"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. நத்தீயா கொப்பளிக்கும் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு சிரிப்பு. கதவு சாத்தும் சத்தம்.

நோயெமி திரும்பி வந்தாள். அவள் கையை எவேலியோ பார்த்தார். நடுவிரல் நுனியில் மட்டும் வெண்ணெய் இருந்தது.

பூட்டு போச்சு. பாலும் வெல்லமும் போச்சு. ஆனாலும் அவர் இன்னும் தோற்கவில்லை. இருவரும் தோற்காவிட்டால் முன்னறை அடுத்த வருடம் வரைக்கும் பூட்டிக் கிடக்கும். தோற்காமல் ஒரு பண்டிகையைப் பார்ப்பது என்பதே எவேலியோவுக்குப் புது அனுபவம். அதை நினைத்து அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

"போதும், அடி தெரியுது பாருங்க," என்றாள் நோயெமி. "துடுப்பைச் சட்டியிலயே விடுங்க. நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. நான் தட்டுல ஊத்தி வைக்கிறேன்."

அவர் முகம் கழுவி, வலது சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டு வந்தபோது ஜன்னல் ஓரமாகத் தட்டுகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அந்தக் குளிருக்கு நத்தீயா சீக்கிரமே உறைந்தது. நோயெமி துண்டு போட்டு, பட்டைத்தூள் தூவி, ஒரு தட்டை வெள்ளைத் துணியால் மூடி மேசையில் வைத்தாள். தோன்யா ரூபியேலாவின் தட்டு. வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பும் பழக்கம் அங்கே இல்லை.

"ஜெபத்துக்குப் போகும்போது அதை எடுத்துட்டுப் போயிடுங்க. மேசையிலதான் இருக்கு, பயப்படாதீங்க."

எவேலியோ தட்டை மேசையிலிருந்து எடுத்தார். தெருவைக் கடந்தார். தோன்யா ரூபியேலாவின் கையில் கொடுத்தார். தட்டைக் கொடுக்கும் சாக்கில், "என்ன ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் நீட்டினேன். அவங்க வாங்கலை. பூட்டு ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அந்த அம்மாள்.

கடைசி நாள் ஜெபம் தோன்யா ரூபியேலா வீட்டில்தான். தெருவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கஞ்சிராவும் கிலுகிலுப்பையும் தயாராக இருந்தன. மூலையில் பாசியும் காகித மலையும் வைத்துக் கிறிஸ்துமஸ் குடில். தொட்டில் காலியாக இருந்தது. பாலன் பொம்மையை அதில் படுக்க வைத்ததும் எல்லா வீட்டுப் பந்தயமும் முடிந்துவிடும். ஜெபம் முடிந்தது. வெறும் வயிற்றில் பாடினால் குரல் எழும்பாது என்பது தோன்யா ரூபியேலாவின் கட்சி. அதனால் அவர் வீட்டில் முதலில் தட்டு, பிறகு பாட்டு, கடைசியில் பாலன்.

எவேலியோ சுவரோரமாக உட்கார்ந்து கவனித்தார். நோயெமி அறையின் அந்தப் பக்கம், சால்வைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருபது பேர். ஆபத்தில்லை.

தோன்யா ரூபியேலா சின்னத் தட்டு ஒன்றோடு நேராக அவரிடம் வந்தார்.

"முதல் துண்டு உங்களுக்கு, தோன் எவேலியோ."

எவேலியோவுக்குப் பெருமையாக இருந்தது. ரூபியேலா வீட்டு நத்தீயா. தான் வாங்கிக் கொடுத்த பால், தான் வாங்கிக் கொடுத்த வெல்லம். போன காசில் ஒரு துண்டாவது திரும்பி வருகிறதே. மற்றத் துண்டுகளில் பட்டைத்தூள் சும்மா தூவியிருந்தது. அவர் துண்டில் மட்டும் அழகாக வட்டமாகத் தூவியிருந்தது. பூட்டுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டார். தட்டைக் கையில் வாங்கினார்.

"என் அகினால்தோ!"

கத்தியது நோயெமி. கிலுகிலுப்பை வைத்திருந்தவர்கூட அதைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன உங்க அகினால்தோ?" என்றார் எவேலியோ. "இது தோன்யா கொடுத்தது. நீங்க அங்க உட்கார்ந்திருக்கீங்க."

"நான் கொடுத்தனுப்பினது. என் நத்தீயா அது."

"தோன்யா?" என்று எவேலியோ நடுவரைப் பார்த்தார்.

"சாயங்காலம் நான் தட்டோட வந்தப்பவே சொன்னாங்க," என்றார் தோன்யா ரூபியேலா. "என் தட்டு திரும்பி வரும்போது, வட்டம் போட்ட துண்டை எங்க வீட்டுக்காரருக்குக் கொடுங்கன்னு. அப்படியே கொடுத்தேன். ஒருத்தர் கை இன்னொருத்தர் கை மாதிரி. உங்க விதிதானே?"

"அந்தத் தட்டைத் தூக்கிட்டு வந்ததே நான்தான்!"

"தூக்கிட்டு வர்றவர் தபால்காரர். அனுப்பினவங்கதான் கணக்கு."

கூட்டம் கைதட்டியது. எவேலியோ எழுந்து நின்றார். ஆணிக்கடையில் சில்லறைத் தகராறு வரும்போது நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"சரி. விதி என் விதிதான். மறுக்கலை. ஆனா இது உங்க நத்தீயான்னு யார் சொன்னா? இந்த மேசையில ரெண்டு வீட்டு நத்தீயாவும் இருக்கு. எல்லாம் ஒரே நிறம், ஒரே வாசனை. தோன்யா அவசரத்துல தன்னோட துண்டையே கொடுத்திருக்கலாம். வட்டத்தை யார் வேணாலும் போடலாம். சாட்சி இருக்கா? என் வீட்டு நத்தீயாவை நானே கிண்டினவன். என் நாக்குக்குத் தெரியாதா? இதோ, எல்லாருக்கும் முன்னாடி சாப்பிட்டுச் சொல்றேன்."

துண்டில் பாதியை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"பார்த்தீங்களா? இது சத்தியமா எங்க வீட்டு நத்தீயா இல்ல. இந்தப் பதம், இந்த மணம், இது தோன்யா ரூபியேலாவோட கை..."

கடக்.

அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. எவேலியோ மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கிவிடலாமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. பல் வலித்தது. கடைசியில் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு வெளியே எடுத்தார்.

பழுப்பு நிற எலும்புப் பொத்தான்.

 எல்லோரும் அவருடைய சட்டைக் கையைப் பார்த்தார்கள். இடது கைப்பட்டியில் அதே மாதிரி ஒரு பொத்தான் பளபளத்தது. வலது கை மேலே மடித்து விடப்பட்டிருந்தது.

"மடிப்பைக் கொஞ்சம் இறக்குங்க, தோன் எவேலியோ," என்றார் நடுவர்.

இறக்கினார். அறுந்த நூல் தொங்கியது.

கிலுகிலுப்பை, கஞ்சிரா எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். அந்த இரைச்சலுக்கு நடுவில் எவேலியோ மனைவியிடம் போனார்.

"பொத்தான் விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வெண்ணெய்க் கிண்ணம் பளபளன்னு இருந்துச்சு, அதுல எல்லாம் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன். 'பொத்தான் விழுந்துடுச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஊத்தும்போதே எடுத்துத் தூர வச்சிருப்பேன், உங்க துண்டுல பதிச்சு வட்டம் போட்டிருக்க மாட்டேன். அப்புறம் இது என் நத்தீயான்னு நான் எதை வச்சு நிரூபிக்கிறது?"

எவேலியோ தோன்யா ரூபியேலாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இப்படிப் பண்ணலாமா? பூட்டு வாங்கினீங்களே!"

"வாங்கினேன். நீங்க சொன்ன தட்டைச் சொன்னபடி நீட்டினேன். அவங்க சொன்ன தட்டையும் சொன்னபடி நீட்டினேன். வாங்கினது நீங்கதான்." அந்த அம்மாள் தன் பாவாடையின் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஊசி குத்தி நிறுத்தியிருந்தது. "தெருவுல ஒரு தையல் கடை வரட்டும், தோன் எவேலியோ. இந்த வயசுல நான் பில்லியர்ட்ஸா ஆடப் போறேன்?"

பிறகு பாட்டுப் பாடினார்கள். பாலனைப் படுக்க வைத்தார்கள்.

ஜனவரியில் முன்னறைக் கதவு தெருவைப் பார்த்துத் திறந்தது. வெளியே "தையல்" என்று பலகை. அதை மாட்ட எவேலியோ கடையிலிருந்துதான் ஆணி வந்தது. பில்லியர்ட்ஸ் மேசையும் முன்னறைக்கு வந்து சேர்ந்தது. துணி வெட்ட இவ்வளவு பெரிய மேசை வேறு எங்கே கிடைக்கும் என்று நோயெமி கேட்டாள். நண்பர்கள்தான் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். இறக்கி வைத்த பிறகு, எப்போது ஆட வரலாம் என்று கேட்டார்கள். பச்சைக் கம்பளத்தின் மேல் அப்போதே சுண்ணக்கட்டியால் ஒரு பாவாடை வரைந்திருந்தது. அவர்கள் வாங்கிய ஆட்டக்கோல்களில் இப்போது திரைச்சீலை தொங்குகிறது.

நல்ல கூட்டம். எவேலியோ ஒரு கையில் சட்டையும் மறு கையில் பொத்தானுமாக உள்ளே வந்தார்.

"முதல் வேலையா தைச்சுத் தர்றேன்னு சொன்னீங்களே?" என்று இரண்டையும் நீட்டினார்.

நோயெமி இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க," என்றாள். "மேசையில வைங்க."